வீடும் சட்டமும்: மேஸ்திரி நூல் பிடிக்கும் நாளில்...

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கணவருக்கு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இரண்டு குழந்தைகள். பத்து வருஷத்துக்கு முன்னால் நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று வாங்கினார்கள். அதாவது அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. உடனே கட்ட வசதியில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருந்து கொண்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மனைக்காரர்கள் வீடு கட்டிக் குடி வந்துவிட்டார்கள். இப்போதுதான் இவர்களுக்கு பாங்கியில் கடன் கிடைத்திருக்கிறது. கடக்கால் எடுப்பதற்கு முன்னால் தெரிந்த ஒருவரை வைத்து அளந்து பார்த்தால், பக்கத்து வீட்டுச் சுவர் இவர்கள் மனைக்குள் ஒன்றரை அடி வந்து நிற்கிறது. நாற்பது அடி நீளத்துக்கும் இதே கதை. அதில் பன்னிரண்டு அடி அவர்களுடைய சமையலறைச் சுவர். மிச்சம் காம்பவுண்டு சுவர்.

இனி அவர் வார்த்தையிலேயே கேளுங்கள்:

"அவங்க கட்டறப்போ நான் பார்த்தேங்க. மேஸ்திரி முளை அடிச்சு நூல் பிடிச்சப்பவே நம்ம பக்கம் தள்ளி வர்ற மாதிரி தெரிஞ்சுது. நான் அப்போ மாசமா இருந்தேன். எதுக்கு வம்புன்னு பேசாம வந்துட்டேன். அதுக்கப்புறம் என் பொண்ணுக்கு ராத்திரி ஜுரத்திலே வலிப்பு வந்தப்போ, வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு. அந்த அக்காதான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவங்ககிட்டே போய் உங்க அடுப்பங்கரையை இடிங்கன்னு நான் எந்த வாயாலே கேக்கறது? கேக்காம விட்டா அறுபது சதுர அடி போச்சு. வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவேன்கிறார். மாமியார் விட்டுக் குடுத்துடுன்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க."

சகோதரி, உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் கடைசிப் படியில் நிற்கிறார்கள். அதற்கு முன்னால் ஏற வேண்டிய படிகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம்?

என் மண்ணில் நிற்கிற சுவர் எனக்குத்தானே சொந்தம் என்று தோன்றும். இங்கிலாந்தில் பழைய காலத்திலிருந்து அப்படித்தான் சட்டம். நிலத்தோடு ஒட்டியது நிலத்துக்காரருக்கே என்பார்கள். நம் தேசத்து வழக்கம் அது இல்லை என்று 1866-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்புச் சொன்னது. தனக்கு உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் அடுத்தவர் நிலத்தில் கட்டிவிட்டால், அவர் சாமான்களைப் பிரித்தெடுத்துக் கொண்டு நிலத்தைப் பழையபடி விட்டுக் கொடுக்கலாம். அல்லது நிலத்துக்காரர் கட்டடத்தை வைத்துக் கொண்டு அதற்கு ஈடு கொடுக்கலாம். இரண்டில் எது என்று தீர்மானிக்கிற உரிமை நிலத்துக்காரருக்கு. வேண்டுமென்றே பிறத்தியார் நிலம் என்று தெரிந்து அத்துமீறிக் கட்டியவருக்கு இந்தச் சலுகை இல்லை. 1927-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் இந்தக் கொள்கையை ஒப்புக் கொண்டது.

அதே 1866-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் இன்னொரு வழக்கு. ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ராம்ஸ்டன் குடும்பத்தாரின் நிலத்தில் வீடு கட்டிக் கொண்டவர்கள் சம்பந்தப்பட்டது. கட்டியவர்களுக்கு அது தங்கள் நிலம் இல்லை என்பது தெரியும். அதனால் தோற்றுப் போனார்கள். ஆனால் நீதிபதி அந்தச் சந்தர்ப்பத்தில் சொன்ன ஒரு விஷயம்தான் இன்று வரைக்கும் நம் கோர்ட்டுகளிலும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஒருவன் தன் நிலம் என்று தவறாக நினைத்து என் நிலத்தில் கட்டுகிறான்; அந்தத் தவறு எனக்குத் தெரிகிறது; தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு அவன் பணம் செலவழித்து முடிக்கிற வரையில் பார்த்துக் கொண்டிருக்கிறேன். பிறகு வந்து, 'நிலம் என்னுடையது, இடி' என்று கேட்டால் நியாய மன்றம் எனக்குத் துணை நிற்காது. இதுதான் அதன் சாரம்.

சகோதரி, ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரிகிறதா? 'மாசமாக இருந்தேன், வம்பு வேண்டாம் என்று வந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, எதிர்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக் கொள்கிற இடம் அதுதான். பயந்துவிட வேண்டாம். நூல் கொஞ்சம் தள்ளி வருகிற மாதிரி தோன்றுவது வேறு. ஒன்றரை அடி உள்ளே வருகிறது என்று நிச்சயமாகத் தெரிவது வேறு. அளந்து பார்த்த இப்போதுதானே உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்துக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

ஜெர்மனியில் 1900-லிருந்து அமலில் இருக்கும் சிவில் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றோ, பெரிய அஜாக்கிரதையாலோ இல்லாமல் ஒருவர் எல்லை தாண்டிக் கட்டிவிட்டால் பக்கத்து நிலத்துக்காரர் அதைப் பொறுத்துக் கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக வருஷா வருஷம் முன்கூட்டியே ஒரு தொகை வாங்கிக் கொள்ளலாம். அந்தத் துண்டு நிலத்தை விலைக்கு எடுத்துக் கொள்ளும்படியும் கேட்கலாம். ஆனால் கட்டுவதற்கு முன்போ, எல்லை தாண்டிய உடனேயோ ஆட்சேபம் சொல்லியிருந்தால் பொறுத்துக் கொள்ள வேண்டியதில்லை. அங்கேயும் பாருங்கள், எல்லாம் 'உடனே சொன்னாயா?' என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

பன்னிரண்டு வருஷக் கணக்கு

1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, தனக்குச் சொந்தமான நிலத்தைப் பிறத்தியார் எதிரிடையாக அனுபவித்து வந்தால், அப்படி அனுபவிக்க ஆரம்பித்ததிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தவறினால் வழக்கு மட்டும் போகாது, நிலத்தின் மேல் உள்ள பாத்தியதையே போய்விடும். இந்தச் சட்டம் நியாயமில்லாதது, இதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2008-ல் சொன்னது. ஆனால் 2019-ல், 12 வருஷம் அப்படி அனுபவித்து முடித்தவர் தானே வழக்குத் தொடுத்து உரிமை கேட்கலாம் என்று அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ல் சட்டக் கமிஷன் தன் 280-வது அறிக்கையில், இந்தச் சட்டத்தை மாற்ற அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே பன்னிரண்டு வருஷக் கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் ஏழு வருஷம்தான் ஆகிறது. 'இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறதே' என்று தள்ளிப் போடாதீர்கள். கட்டடத்தை இடிக்கச் சொல்லி உத்தரவு போடுவது கோர்ட்டின் இஷ்டத்தைப் பொறுத்தது. தாமதமாக வந்தவருக்கு, ஆக்கிரமிப்பும் சிறியதாக இருந்தால், இடிப்பதற்குப் பதில் நஷ்ட ஈடு போதும் என்று கோர்ட்டு நினைக்க இடமுண்டு. வழக்கை எந்த ரூபத்தில் போடுவது என்பதும் முக்கியம். உரிமையே தகராறில் இருக்கும்போது வெறும் தடையுத்தரவு கேட்டால் போதாது. உரிமையை ஸ்தாபித்து, சுவாதீனத்தையும் கேட்க வேண்டும் என்று 2008-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இதையெல்லாம் வக்கீல் பார்த்துக் கொள்வார். காலத்தை மட்டும் நீங்கள்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். அனுமதி பெற்று அனுபவிப்பது எதிரிடை அனுபவம் ஆகாது. 'இந்த ஒன்றரை அடி உங்களுடையது என்று தெரியும், உங்கள் சம்மதத்தின் பேரில் சுவர் நிற்கிறது' என்று அந்த அக்கா குடும்பத்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தக் காகிதம் உங்கள் உரிமைக்குக் காவல். சண்டையும் இல்லை, செலவும் இல்லை. பேச்சு வார்த்தை நடக்கிற சமயத்தில் இதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்த அக்காவின் மனையில் அவருக்குச் சேர வேண்டிய முப்பது அடி முழுசாக இருக்கிறதா என்று யாராவது அளந்தீர்களா?

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கமெல்லாம் நேற்று வரை நெல் விளைந்த வயல்கள் இன்றைக்கு மனைகளாகியிருக்கின்றன. தொழிற்சாலைகள் வர வர, வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்ட இடம் தேடினார்கள். வயலைச் சமன் செய்து, வரிசையாகக் கல் நட்டு விற்றார்கள். மனை விற்றவர் நட்ட மூலைக்கல் வேறு, அரசாங்கம் நட்ட சர்வே கல் வேறு. மாடு இடித்தும் லாரி ஏறியும் மூலைக்கல் நகர்ந்திருக்கும். மேஸ்திரிகள் பல பேர் கல்லைத் தேடுவதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் வீட்டுக்காரர் ஒன்றரை அடி தள்ளிக் கட்டினால் இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று வரிசையே தள்ளிக் கொண்டு போகும். கடைசியில் காலி மனை வைத்திருக்கிறவர் தலையில் வந்து விடியும். உங்கள் மனை காலி மனை!

அந்த அக்காவும் தன்னுடைய ஒன்றரை அடியை மறுபக்கத்தில் இழந்துவிட்டு, அது தெரியாமலேயே உங்கள் பக்கம் வந்திருக்கலாம். அப்படியானால் அவர் உங்களுக்கு எதிராளி இல்லை. உங்களைப் போலவே ஏமாந்தவர். அதனால் உங்கள் மனையை மட்டும் அளந்து பிரயோஜனமில்லை. தெருவின் ஆரம்பத்திலிருந்து அளக்க வேண்டும்.

தெரிந்தவரை வைத்து அளந்தது உங்கள் மனத் திருப்திக்குச் சரி. எதிர்தரப்பு ஒப்புக் கொள்ள வேண்டுமானால் தாசில்தாருக்கு மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, அரசு சர்வேயரைக் கொண்டு அளக்க வேண்டும். பக்கத்து மனைக்காரர்களுக்கும் தகவல் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் அளப்பதுதான் முறை. இப்போது இணைய வழியாகவும் மனுச் செய்யலாம். புல வரைபடத்தையும் பட்டாவையும் அரசின் இணைய சேவையிலேயே பார்த்துக் கொள்ளலாம். ஒன்று ஞாபகம் வையுங்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து சண்டை போடாதீர்கள். இரண்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த படத்தில் ஒன்றரை அடி என்பது கால் மில்லிமீட்டர் கூட இருக்காது. பென்சில் கோட்டின் பருமனே அவ்வளவு இருக்கும்! படத்தில் எழுதியிருக்கும் அளவுகளை எடுத்துக் கொண்டு, சர்வே கல்லிலிருந்து தரையில் அளப்பதுதான் சரி. கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம் என்பதையும் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவைதான் வரும். பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருப்பது அதில் வராது. அதைக் கண்ணால் பார்த்து, டேப்பால் அளந்துதான் தெரிந்து கொள்ள முடியும்.

நடுவில் ஒருவர் வேண்டும்

நம் திருவள்ளூர் வட்டாரத்துக்கு எல்லைத் தகராறு புதிதில்லை. ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நடந்த எல்லைத் தகராறில், ம.பொ.சி. போன்றவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடைசியில் பட்டாஸ்கர் என்பவரை நடுவராக வைத்து இரண்டு அரசாங்கங்களும் பேசின. 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாறியது. திருத்தணி இங்கே வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களிலிருந்து சில கிராமங்கள் அங்கே போயின. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் எல்லை நிலைத்துவிட்டது. இரண்டு ராஜ்யங்களுக்கே நடுவர் தேவைப்பட்டபோது, இரண்டு வீடுகளுக்குத் தேவைப்படாதா?

அளந்து முடிந்ததும் முதலில் நீங்களே அந்த அக்காவிடம் பேசுங்கள். 'இடிங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். 'அக்கா, நாங்க வீடு கட்டப் போறோம். அளந்து பார்த்தா கணக்கு உதைக்குது. உங்க மனையும் சரியா இருக்கான்னு சேர்ந்தே அளந்துடலாமா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு யாரும் கோபித்துக் கொள்ள முடியாது.

தப்பு அவர்கள் பக்கம்தான் என்று தெரிந்தால் ஒரு வழி சொல்கிறேன். காம்பவுண்டு சுவர் 28 அடியைப் பிரித்து எல்லையில் கட்டிக் கொள்ளட்டும். அதில் உங்களுக்கு 42 சதுர அடி திரும்பிவிடும். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக் கொள்ளலாம். சமையலறை நிற்கிற 18 சதுர அடியை அவர்கள் விலைக்கு எடுத்துக் கொள்ளட்டும். அல்லது அந்தச் சுவர் பழசாகி மாற்றிக் கட்டும்போது பின்வாங்கிக் கொள்வதாக எழுதிக் கொடுக்கட்டும். விலைக்குக் கொடுப்பதானால் வாய்ப்பேச்சோ, பத்து ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொள்வதோ உதவாது. எவ்வளவு சிறிய துண்டானாலும் கிரயப் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். மனையைத் துண்டாக்கிப் பதிவு செய்வதில் அனுமதி சம்பந்தமான கேள்விகள் வரும். பதிவு அலுவலகத்தில் முன்னாலேயே விசாரித்துக் கொள்ளுங்கள். மனை பாங்கியில் அடமானத்தில் இருந்தால் பாங்கியின் சம்மதமும் வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இந்த விஷயத்தை முடிப்பது உத்தமம்.

பேச்சு முறிந்தாலும் உடனே கோர்ட்டு வாசல் என்று நினைக்க வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுக்காக்களில் சட்டப் பணிகள் குழுக்களும் இருக்கின்றன. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. மனை உங்கள் பெயரிலும் இருந்தால் நீங்களே மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். லோக் அதாலத்தில் இரண்டு தரப்பும் ஒப்புக் கொண்டு முடித்தால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. கோர்ட்டில் இருக்கிற வழக்கு அங்கே சமாதானமானால், கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

அதுவும் பலிக்காவிட்டால் வழக்குத்தான். அப்போது கோர்ட்டு ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்து, சர்வேயர் உதவியோடு இடத்தைப் பார்த்து வரைபடத்துடன் அறிக்கை கொடுக்கச் சொல்லும். ஆக, கோர்ட்டுக்குப் போனாலும் டேப் பிடித்து அளக்காமல் தீராது. அதை முதலிலேயே சிநேகமாகச் செய்துவிடலாமே!

மற்றச் சகோதரிகளுக்கு

காலையில் ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற கணவருக்குப் பக்கத்து மனையில் மேஸ்திரி வந்து முளை அடிப்பது தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு வாசலில் நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும். 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வம்பு' என்று உள்ளே போய்விடாதீர்கள். அன்றைக்கு வெறும் சுண்ணாம்புக் கோடும் நூலும்தான். தள்ளிப் போடச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தள்ளிப் போட்டுவிடுவார்கள். கடக்காலில் ஜல்லி கொட்டிய பிறகு சொன்னால் மனஸ்தாபம். கிரகப்பிரவேசம் ஆன பிறகு சொன்னால் வழக்கு.

மேஸ்திரி நூல் பிடிக்கும்போது உங்கள் மூலைக்கல் எங்கே என்று காட்டுங்கள். கடக்கால் சுவரை விட அகலமாக இருக்கும். சுவர் எல்லைக்குள் இருந்தாலும் அடியில் கடக்கால் உங்கள் பக்கம் வரலாம், மேலே சன்ஷேடு வரலாம். மூன்றையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கே கைப்போனில் படம் எடுத்து வைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு நயமாக இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். தேதியோடு இருக்கிற அந்த இரண்டு வரி பின்னால் உங்களுக்காகப் பேசும். அதுபோல நீங்கள் கட்டும்போதும் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, 'நூல் சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க' என்று கேளுங்கள். காலி மனை வைத்திருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தரமாவது போய் நான்கு கல்லும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கும்மிடிப்பூண்டிச் சகோதரிக்கு: அக்காவிடம் போகும்போது வீட்டுக்காரரை அழைத்துக் கொண்டு போக வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள். அந்த ராத்திரி அவர் செய்த உதவிக்கு உங்கள் நன்றி குறையப் போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அளப்பதைப் பற்றிப் பேசுங்கள். தெருவை அளந்த பிறகு என்ன தெரிய வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.